காட்டுச் சந்தனத்தின் இன்றைய நிலை

சந்தன மரம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் சாண்டலம் ஆல்பம். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். 1998இல் செய்த மதிப்பீடும், மறுபடி ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட மதிப்பீடும் ஒரே வகையைத்தான் சொல்கின்றன. இரண்டாவது மதிப்பீட்டை எழுதியவர்களில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இயங்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சந்தனம் தானாக வளரும் நிலத்தின் நடுவே இருந்துகொண்டே அதன் நிலையை எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு அமைந்தது.

பட்டியலில் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று மூன்று படிகள் உண்டு. அழிவாய்ப்பு இனம் அவற்றில் கீழ்ப்படி. அடுத்தது அருகிய இனம். அதற்கும் மேலே மிக அருகிய இனம். எண்ணிக்கையின் வீழ்ச்சியை வைத்துக் கணக்கிடும்போது, 10 ஆண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகிய இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு குறைந்திருந்தால் முதற்படி, 50 என்றால் இரண்டாவது, 80 என்றால் மூன்றாவது. வீழ்ச்சிக்கான காரணம் இன்னும் நீங்காத இனங்களுக்குரிய அளவுகோல் இது. 1998இல் பழைய விதிகள் நடைமுறையில் இருந்தன. அவற்றின்படி 20 விழுக்காடு குறைந்தாலே அழிவாய்ப்பு. ஆகவே இரண்டு மதிப்பீடுகளிலும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்து, இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நிலைமை அசையவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கோல் நீண்ட பிறகும் மரம் அதே படியில்தான் நிற்கிறது.

இந்த மதிப்பீட்டைக் கேட்டு வியப்பவர்கள் உண்டு. பெங்களூரின் வேலியோரங்களிலும் பழைய பங்களாத் தோட்டங்களிலும் ரயில் பாதையோரப் புதர்களிலும் சந்தனக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. இத்தனை எளிதாக முளைப்பது எப்படி அழிவாய்ப்பு இனமாகும்? சந்தனத்தின் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. விடை தெரிய மரத்தின் வாழ்க்கை முறையை முதலில் பார்க்க வேண்டும்.

சந்தனம் நடுத்தர உயரமுள்ள, எப்போதும் பசுமையான மரம். கிளைகள் மெலிந்து தொங்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. பூ மிகச் சிறியது. தனி அல்லி இதழ்கள் இல்லாமல் நான்கு மடல்களாக விரியும். மலர்ந்தபோது வைக்கோல் நிறம், நாளாக ஆகக் கருஞ்சிவப்பு. உலகமெல்லாம் மணத்துக்காகத் தேடும் இந்த மரத்தின் பூவுக்கு மணமில்லை, இலைக்கும் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு இரு பருவம் பூக்கும். தேனீக்களும் ஈக்களும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கின்றன. கனி முதிர்ந்தால் கருநாவல் நிறத்தில் உருண்டையாக இருக்கும். சின்னான், குயில், குக்குறுவான் போன்ற பறவைகள் அதைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடுகின்றன. வேலியோரத்தில் கன்றை நடுபவை இவைதான்.

முளைத்த கன்று முதலில் விதையின் சேமிப்பைக் கொண்டும் தன் வேரைக் கொண்டும் வளரும். பிறகு அண்டையில் இருக்கும் செடிகளின் வேர்களில் உறிஞ்சு உறுப்புகளைப் பதித்து நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்ளும். இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கிறது. அதனால் பாதி ஒட்டுண்ணி என்று வகைப்படுத்துகிறார்கள். நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரையைச் சேர்த்து நடுவது இதற்காகத்தான். வயலில் சவுக்கு, அகத்தி போன்றவை துணைமரங்களாகின்றன. துணையில்லாத சந்தனம் மஞ்சளித்து நலியும். காட்டில் சந்தனத்தைக் காப்பது என்றால் அதைச் சுற்றியிருக்கும் புதர்க்காட்டையும் சேர்த்துக் காப்பதுதான். மற்றச் செடிகளை வெட்டித் துப்புரவாக்கிய இடத்தில் அது நெடுநாள் தாங்காது.

மணமும் விலையும் மரத்தின் நடுவிலுள்ள சேகில் இருக்கின்றன. வெளிப்புறத்து வெளிறிய கட்டைக்கு மணம் கிடையாது. சேகு உருவாகத் தொடங்கவே 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். நல்ல கனத்துக்கு வர 30 ஆண்டுகளும் அதற்கு மேலும். எண்ணெயின் பெரும்பகுதி ஆல்பா, பீட்டா சாண்டலால் என்னும் இரண்டு பொருள்கள். எண்ணெய் அளவு வேரில் மிக அதிகம் என்பதால் சந்தனத்தை அடிமரத்தில் வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். தேக்கை வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். தோண்டிய சந்தனம் மறுபடி வர, மண்ணில் அறுந்து கிடக்கும் வேர்த்துண்டு துளிர்த்தால் உண்டு. அப்படித் துளிர்ப்பவை எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். நகல்கள் மிகுந்த தோப்பில் மரங்கள் பல தெரிந்தாலும் பரம்பரை வேறுபாடு குறுகிவிடும். விதைப் பிடிப்பும் குன்றும்.

இங்கே முன்சொன்ன கேள்விக்கு விடை கிடைக்கிறது. சந்தனம் நான்கைந்து வயதிலேயே காய்க்கத் தொடங்கிவிடும். திருடனின் கண் அதன்மேல் விழுவது சேகு பிடித்த பிறகு. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு போல அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் விழுந்த விதைகளால்தான் இனம் தொடர்கிறது. அது முற்றிலும் மறைந்துபோகாததற்கும், அருகிய இனம் என்ற அடுத்த படிக்கு இன்னும் ஏறாததற்கும் இதுவே முக்கியக் காரணமாகப்படுகிறது. கன்றுகள் ஏராளம், இளமரங்கள் ஓரளவு, முதிர்ந்த மரங்கள் மிகக் குறைவு. தலைகளை மட்டும் எண்ணினால் நிலைமை நன்றாகவே தோன்றும். அடிமரச் சுற்றளவை அளந்தால்தான் இழப்பு தெரியும்.

இந்தியாவில் சந்தனத்தின் இயற்கைப் பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு மாநிலங்களில் அடங்கும்: கர்நாடகத்தில் 5,245, தமிழ்நாட்டில் 3,040 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தில் மைசூரு, குடகு, சாமராஜநகரம், சிவமொக்கா, ஹாசன், பெங்களூருச் சுற்றுப்புறம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை, ஏலகிரி, சித்தேரி, சத்தியமங்கலம். மிகுதி கேரளத்து மறையூரிலும் ஆந்திரத்திலும் வேறு சில இடங்களிலும் சிதறிக் கிடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 600 முதல் 1,050 மீட்டர் வரையுள்ள வறண்ட இலையுதிர் காட்டில் சேகு நன்றாகப் பிடிக்கும். பெங்களூரு நிற்பது 900 மீட்டருக்குச் சற்று மேலே.

சந்தனம் தென்னிந்தியாவுக்கே உரியதா, திமோர் முதலிய கிழக்குத் தீவுகளிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்ததா என்பது தாவரவியலாரின் நெடுநாள் வழக்கு. தமிழ் இலக்கியத்தில் பொதியமலைச் சந்தனம் நிலைத்த செய்தி. பல்லாரிக்கு அருகே சங்கனகல்லுவில் அகழ்ந்த புதிய கற்காலக் குடியிருப்பில் சந்தனக் கரி அடையாளம் காணப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக இம்மண்ணில் தானே விதைத்துத் தானே முளைத்த மரத்தைக் காட்டு மரமாகக் கருதுவதில் தடையில்லை.

வீழ்ச்சியின் வரலாறு மரத்தின் உரிமை யாருக்கு என்பதிலிருந்து தொடங்குகிறது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. பின்வந்த மைசூர் மன்னர்களும் ஆங்கிலேயரும் விடுதலைக்குப் பிந்திய அரசுகளும் அந்த ஏகபோகத்தைக் கைவிடவில்லை. தனியார் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்குச் சொந்தம்; காவல் பொறுப்பு மட்டும் நிலக்காரருக்கு. காணாமல் போனால் விசாரணை அவர் வீட்டு வாசலுக்கு வரும். ஆகவே பறவை போட்ட விதை வரப்பில் முளைத்தால் நாலு இலை விடுமுன்பே பிடுங்கி எறிவது விவசாயிக்குப் புத்திசாலித்தனமாயிற்று. காட்டுக்கு வெளியே நின்றிருக்கக்கூடிய எத்தனையோ மரங்கள் இப்படி வளராமலே போயின. மரத்தைக் காக்கவென்று செய்த சட்டம் மரத்துக்கு எதிராக வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்திய வனச் சட்ட வரலாற்றில் அரிது.

முதல் உலகப்போர் வரை மைசூர்ச் சந்தனக் கட்டை ஏலத்தில் விற்று ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்குப் போய் அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. போர் மூண்டதும் வாங்குபவர் இல்லாமல் கட்டை தேங்கியது. திவான் விஸ்வேஸ்வரய்யாவின் காலம். தொழில் துறையை நடத்திய ஆல்பிரட் சாட்டர்டன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை நாடினார். அங்கே சட்பரோ, வாட்சன் என்ற வேதியியலார் எண்ணெய் வடிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். 1916இல் எண்ணெய் ஆலை வந்தது. 1918இல் பெங்களூரில் அரசுச் சோப்பு ஆலை. மைசூர் சாண்டல் சோப்பு அதன் பிள்ளை. கர்நாடகத்துக்குக் ‘கந்தத குடி’, சந்தனக் கோயில், என்ற அடைமொழி வழங்குகிறது. கன்னடத் திரையுலகத்துக்கே சாண்டல்வுட் என்று பெயர். பெயரில் செழித்த அளவு மரம் காட்டில் செழிக்கவில்லை. 1930களிலிருந்து 1950கள் வரை நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சேகுக் கட்டை கிடைத்துவந்தது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் அது 500 டன் அளவுக்குச் சுருங்கியது.

வெட்டு மட்டுமல்ல, ஸ்பைக் நோயும் மரத்தை வீழ்த்தியது. 1899இல் குடகில் முதன்முதலாகப் பதிவானது. நோய் கண்ட மரத்தில் இலைகள் வரவரச் சிறுத்து, கணுவிடைகள் குறுகி, கிளை நுனியில் விறைத்த கொத்துகளாக நெருங்கி நிற்கும். பூவும் காயும் நின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். 1903க்கும் 1916க்கும் இடையே குடகிலும் மைசூரிலும் சுமார் 10 லட்சம் மரங்கள் அகற்றப்பட்டன. 1917க்கும் 1925க்கும் இடையே சேலம் பகுதியில் 98,000க்கு மேற்பட்டவை போயின.

காரணம் தேடிய கதை ஒரு நூற்றாண்டு நீள்கிறது. வேருக்கும் இலைக்கும் இடையே சாறோட்டம் கெட்டதால் வந்தது என்றார்கள் சிலர். உண்ணிச்செடிப் புதர் பரவியதைப் பழித்தார்கள் சிலர். காட்டுத்தீ என்றும் கூறப்பட்டது. மைசூர் அரசில் பணிபுரிந்த லெஸ்லி கோல்மன் 1917இல் நோய்ப்பட்ட கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டி, நோய் தொற்றுவதை நிறுவினார். பிறகு இந்திய அறிவியல் கழகத்தில் சீனிவாசய்யாவும் உடனிருந்தவர்களும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். தொற்றும் பொருள் வைரஸ் என்றே அன்று நம்பப்பட்டது. 1969இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உணவுக்குழாய்த் திசுக்களில் செல்சுவரில்லாத நுண்ணுயிர்கள் தெரிந்தன. இன்று இவற்றை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறார்கள். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன. டெட்ராசைக்ளின் மருந்தை மரத்துக்குள் செலுத்தினால் சில மாதங்கள் தேறும், பிறகு மறுபடி சிறுக்கும். நோய்ப்பட்ட மரத்தை உடனே பிடுங்கி அகற்றுவதைவிட உருப்படியான கைமருந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்கவில்லை. மறையூரிலும் 1980களிலிருந்து இந்நோய் இருக்கிறது.

கள்ளக்கடத்தல் என்றால் நினைவுக்கு வரும் பெயர் வீரப்பன். சத்தியமங்கலத்திலிருந்து மாதேஸ்வரன் மலை வரை நீண்ட அவனது காலம் 2004 அக்டோபர் 18இல் தருமபுரி மாவட்டத்தில் முடிந்தது. சந்தனத்தின் வீழ்ச்சி முழுவதையும் அவன் கணக்கில் எழுதிவிடுவது வசதியான பழக்கம், கணக்கு ஒத்துவராது. அவனுக்கு முன்பும் திருட்டு இருந்தது, பின்பும் நடக்கிறது. பெங்களூரின் நடுவே கப்பன் பூங்காவிலும் இந்திய அறிவியல் கழக வளாகத்திலும் காவலிருக்கும்போதே இரவில் சந்தனம் அறுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. சேகு பிடித்திருக்கிறதா என்று பார்க்க அடிமரத்தில் துளையிட்டுச் சோதிப்பது கடத்தல்காரர் வழக்கம். சேகில்லாத இளமரத்துக்கும் அதனால் காயம் மிஞ்சும்.

இதே பேரினத்தின் மற்ற இனங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் சிவப்புப் பட்டியலின் எச்சரிக்கை மிகையில்லை என்று விளங்கும். பிஜித் தீவுகளின் சந்தனம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வணிகர்களால் துடைத்தெடுக்கப்பட்டது. ஹவாயில் அடுத்த சில பத்தாண்டுகளில் அதுவே நடந்தது. சிலி நாட்டுக்கு மேற்கே யுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் மட்டும் வளர்ந்த சாண்டலம் பெர்னாண்டெசியானம் இன்று அற்றுப்போன இனம். 1908இல் சுவீடனின் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் கண்ட ஒற்றை மரமே கடைசி. மணக்கட்டைக்காகவே ஓரினம் முழுவதும் மறைந்த நிகழ்ச்சி அது.

2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் வனச் சட்டத்தைத் திருத்தி, நிலக்காரரே தம் நிலத்துச் சந்தனத்துக்கு உரிமையாளர் என்று ஆக்கின. வெட்ட அனுமதி வேண்டும், விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் பிடுங்கி எறியும் காரணம் போயிற்று. விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனாராவில் இந்தியச் சந்தனம் பாசனத் தோட்டப் பயிராகப் பெரும் பரப்பில் நிற்கிறது. இவற்றால் அழிவாய்ப்பு நிலை மாறாதா என்றால், மாறாது. சிவப்புப் பட்டியல் கணக்கெடுப்பது காட்டில் தானாக வாழும் கூட்டங்களை மட்டுமே. தோட்டத்துச் சந்தனம் சந்தைக்குக் கட்டை தந்து காட்டின்மேல் உள்ள அழுத்தத்தைக் குறைக்கலாம். அந்த வகையில் மறைமுகமாக உதவும். இதுவரை அது நடந்ததற்கு அறிகுறி மிகுதியாக இல்லை. நட்ட மரங்கள் பெரும்பாலும் இன்னும் முதிராதவை. திருடனுக்குக் காவலில்லாத காட்டுமரம் எப்போதும் மலிவு.

தோட்டங்களால் ஓர் இடரும் உண்டு. நாற்றங்கால்களில் விற்கும் கன்றுகளின் விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது வாங்குபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரே சில மரங்களின் விதை ஊர்முழுதும் பரவினால், பக்கத்துக் காட்டின் மகரந்தத்தோடு கலந்து அந்த இடத்துக்கே உரிய வேறுபாடுகள் மங்கும். மர அறிவியல் நிறுவனம் ஹொசகோட்டைக்கு அருகே கொட்டிப்புராவில் பல பகுதிகளிலிருந்து திரட்டிய சந்தன வகைகளை வளர்த்துக் காத்துவருவதன் பயன் இங்குதான். 2018இல் பெங்களூரு ஆய்வாளர்கள் சந்தனத்தின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி வெளியிட்டது இந்த வேலைக்குக் கைகொடுக்கும்; எந்தக் கூட்டம் எதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை இனி இலை ஒன்றைக் கொண்டே சொல்லலாம்.

சந்தனத்தையும் செஞ்சந்தனத்தையும் செய்தித்தாள்கள் குழப்புவதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஆந்திரத்துச் சேஷாசல மலைகளின் செம்மரம் வேறு, அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அருகிய இனமாக மதிப்பிடப்பட்ட அது 1995 முதல் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சந்தனம் அப்பட்டியலில் இல்லை. கட்டையை ஏற்றுமதி செய்வதை இந்தியாவே தன் வணிகச் சட்டத்தால் தடுக்கிறது.

காட்டுக்குள்ளேயே காப்பதற்கு மறையூர் இன்று முக்கிய இடம். கேரள வனத்துறை சந்தனத்துக்கென்றே ஒரு கோட்டம் வைத்து, மரங்களைக் கணக்கெடுத்து, காவலர்களை இரவும் பகலும் நிறுத்தியிருக்கிறது. முதிர்ந்த மரங்கள் கூட்டமாக எஞ்சிய சில இடங்களில் அது ஒன்று. பட்டுப்போன மரங்களின் கட்டையை ஏலம் விட்டு வரும் வருவாய் காவல் செலவை நியாயப்படுத்துகிறது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சந்தனம் பெரும்பரப்பில் நெருக்கமின்றிச் சிதறி நிற்பதால் வேலி கட்டிக் காக்கும் முறை அங்கே பொருந்தாது. அங்கே தீயும் ஆடுமாடும்கூடப் பகை: மெல்லிய பட்டையைத் தீ சுட்டுவிடும், கன்றின் தழை கால்நடைக்குப் பிடித்தமானது. மேய்ச்சலையும் தீயையும் சில ஆண்டுகள் நிறுத்திய இடங்களில் கன்றுகள் தாமே எழும்புகின்றன.

சிவப்புப் பட்டியல் மதிப்பீடு பத்தாண்டுகளுக்குமேல் பழையதானால் காலாவதியானதாகக் கொள்ளப்படும். சந்தனத்துக்கு அந்தக் கெடு இப்பத்தாண்டின் இறுதியில் வருகிறது. அடுத்த மதிப்பீட்டுக்கு வேண்டியவை இரு மாநிலக் காடுகளிலும் ஒரே முறையில் எடுத்த சுற்றளவு வாரியான கணக்கு, ஸ்பைக் நோய் பரவிய இடங்களின் வரைபடம், வேர்த்துளிர் எது விதைக்கன்று எது என்று பிரித்தறியும் மரபணுச் சோதனை. மூன்றாவதற்கான கருவி பெங்களூரில் தயாராக இருக்கிறது. முதலாவதற்கு வேண்டியது நாடாவும், காட்டில் நடக்க ஆளும்தான்.